தற்காலிகக் குரல்

மழைக்குள் யாரோ செருமினார்கள்.

அவள் கை அப்படியே நின்றது. ஹெட்ஃபோனை இரண்டு கைகளாலும் காதோடு அழுத்திக்கொண்டு, அந்த இடத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி ஓடவிட்டாள். தகரக் கூரையில் சடசடவென்று விழும் மழை, சந்தின் ஓரமாகச் சாக்கடைக்குள் இறங்கும் தண்ணீர், தூரத்தில் ஒரு கார் சேற்றை வாரியடித்துக்கொண்டு திரும்புவது, அதற்கு நடுவே நின்று நின்று நடக்கும் ஒரு ஜோடி ஈர பூட்ஸ். அத்தனையும் அவளே உட்கார்ந்து சேர்த்த சத்தங்கள். இந்த முறை செருமல் வரவில்லை.

தூக்கமில்லாத காது எதை வேண்டுமானாலும் கேட்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மதியம்தான். ஆனால் வெளியே காலையிலிருந்து பெய்த மழையில் வீடே இருட்டிக் கிடந்தது. அவள் உட்கார்ந்திருந்த ஒலியறையில் வெயில் நாளிலும் வெளிச்சம் கிடையாது. முன்பு துணி அலமாரி இருந்த அறை அது. கணவர் சுவரெல்லாம் பஞ்சு மெத்தை ஒட்டி, கதவுக்கு உள்ளும் புறமும் கம்பளி அடித்து, ஒரு குண்டூசிச் சத்தம்கூட உள்ளேயும் வராமல் வெளியேயும் போகாமல் செய்து கொடுத்திருந்தார். கம்பளியும் தூசியும் சூடான கம்பியும் கலந்த ஒரு வாசனை அதற்குள் எப்போதும் இருக்கும். கைபேசியை மட்டும் உள்ளே கொண்டுவர மாட்டாள். அதன் இரைச்சல் பதிவில் ஏறிவிடும். அது கூடத்தில், ஏழு வயது மகள் வாண்டு படம் வரைந்துகொண்டிருந்த மேஜைமேல் கிடந்தது.

அவளுடைய வேலையை யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்குச் சத்தம் செய்வது. கேரட்டை ஈரத்துணியில் சுற்றி முறித்தால் எலும்பு முறியும், பழைய தோல் பையை முறுக்கினால் கழுத்து நெரியும். முறித்த எலும்பெல்லாம் அன்றைக்கே சமையலுக்குப் போய்விடும், எதையும் வீணாக்குகிற பழக்கம் அவளுக்கு இல்லை. அதே நிறுவனத்தில் விளையாட்டுகளுக்குக் கதை எழுதினவர் கணவர். அலுவலகத்தில் அவர்களைக் கதைக்காரர், சத்தக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் அவர் அதையும் சுருக்கி, "ஏய் சத்தம், காப்பி போடட்டுமா?" என்பார்.

போன மழைக்காலத்தில், வேலை முடிந்து வரும் வழியில், அவருடைய வண்டி சறுக்கியது. வீட்டுக்கு அவர் வந்து சேரவில்லை. அவர் கடைசியாக எழுதிய விளையாட்டுதான் இப்போது அவள் முன்னால் திரையில் கறுப்பும் வெள்ளையுமாக நனைந்துகொண்டிருந்தது.

மழை நிற்காத ஒரு நகரம். மனைவியைக் கொன்றவனைத் தேடி அலையும் தொப்பிக்காரத் துப்பறிவாளன் ஒருவன். தேடத் தேட, தேடப்படுகிறவன் தானேதானோ என்று அவனுக்குப் புத்தி பேதலிக்கும். கொலைகாரனுக்குக் கதைக்காரர் வைத்த பெயர் விருந்தாளி. விருந்தாளி எந்தக் கதவையும் உடைக்க மாட்டான். வெளியே நின்று, உள்ளே இருப்பவர்களுக்கு உயிரான ஒருவருடைய குரலில் கூப்பிடுவான். திறக்க வைப்பான். கதவு திறந்ததும் திரை இருண்டுவிடும். அதற்குப் பிறகு அவனுக்கு ஒரு வசனமும் இல்லை, கடைசிவரை முகமும் இல்லை.

நடிகர்கள் கிடைக்கும்வரை வசனங்களை எழுதினவரே பேசிப் பதிந்து வைப்பது அந்தத் தொழிலின் வழக்கம். தற்காலிகக் குரல் என்பார்கள். பிறகு நடிகர் வந்து பேசியதும் பழையதை எடுத்துவிட வேண்டும். துப்பறிவாளன், போலீஸ்காரர், மதுக்கடைக்காரர், விருந்தாளி என எல்லா ஆண்களுக்கும் அவர்தான் பேசியிருந்தார். நடிகர்கள் வந்தார்கள், நன்றாகவே பேசினார்கள். அவள் கணவரின் குரலை ஒவ்வொன்றாக எடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் அழுதாள். நான்கு வரிகளை மட்டும் எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

நான்தான். நனைஞ்சுட்டேன்டா. துண்டு எடுத்துட்டு வா. கதவைத் திற.

விருந்தாளி ஒரு குழந்தையை ஏமாற்றும் இடம் அது. அதைப் பதிந்த அன்றைக்கு வாண்டு அவர் மடியிலேயே தூங்கிப்போயிருந்தாள். எழுந்துவிடப் போகிறாளே என்று குரலைத் தாழ்த்தி, அவள் தலையைத் தடவிக்கொண்டே பேசினார். மற்ற வரிகளில் அவர் நடித்தார். இந்த நான்கில்தான் அவர் அவராகவே இருந்தார்.

விளையாட்டில் ஒவ்வொரு சத்தத்தையும் ஓர் இடத்தில் கட்டிவைக்க வேண்டும். இந்த விளக்கின் ரீங்காரம் இந்தக் கம்பத்தில், இந்தக் குரல் இந்தக் கதவுக்குப் பின்னால் என்று. சோதிக்கிறவர்கள் இடம் இடமாகத்தான் தேடுவார்கள். அதனால் அவள் அந்த நான்கு வரிகளையும் கதவிலிருந்து அவிழ்த்துவிட்டாள். வேறெங்கும் கட்டவில்லை. கட்டாத சத்தத்துக்குத் தூரமும் கிடையாது, பக்கமும் கிடையாது. இந்தத் தொழிலில் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுப்பார்கள், எதையும் அப்படி அவிழ்த்து விடாதே என்று. அவளுக்கு அது தெரியாதா என்ன? அவர் எங்கேயாவது இருக்கட்டும் என்றுதான் விட்டாள்.

ஒலியறைக்குள் வருவதற்கு முன்தான் மேலாளர் போனில் பேசியிருந்தார்.

"பழைய குரல் எல்லாம் எடுத்தாச்சாம்மா? சாயங்காலம் அனுப்பியாகணும்."

"எடுத்தாச்சு சார்."

"ஒண்ணுகூட பாக்கி இல்லையே? எனக்குப் புரியுதும்மா, கஷ்டந்தான். ஆனா வேற வழி இல்ல."

"இல்ல சார். ஒண்ணும் இல்ல."

இத்தனை வருஷத்தில் அவர் காதில் அவள் பூச்சுற்றியது அதுதான் முதல் தடவை.

இப்போது திரையில் துப்பறிவாளனைச் சந்துக்குள் நடத்திக்கொண்டு போனாள். பூட்ஸ் சத்தம், தண்ணீர், ஒரு கடையின் இரும்புக் கதவு காற்றில் ஆடுவது.

"நான்தான்."

கண்ணை மூடிக்கொண்டாள். இடது காதிலும் இல்லை, வலது காதிலும் இல்லை, நடு மண்டைக்குள்ளிருந்து வந்தது. எவ்வளவு நாளாயிற்று. "சொல்லுங்க," என்று வாய்விட்டே சொன்னாள், யாரும் பார்க்கவில்லை என்கிற தைரியத்தில்.

"நனைஞ்சுட்டேன்டா."

அவள் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே கேட்டுக்கொண்டிருந்திருப்பாள். ஆனால் வேலை கிடந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு விளையாட்டை மூடினாள். திரை வெறுமையானது. சந்து, மழை, பூட்ஸ், எல்லாம் அறுந்தன.

இல்லை. மழை அறவில்லை.

காதுக்குள் மழை பெய்துகொண்டே இருந்தது. ஒரு கணம் குழம்பி, பிறகு ஞாபகம் வந்து சிரித்தாள். நிஜ மழையைப் பதிய வேண்டும் என்று காலையில் வாசல் கதவின் உள்பக்கம் ஒரு மைக்கை வைத்து, கம்பியை ஒலியறைவரை இழுத்துவிட்டிருந்தாள். அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. உற்றுக் கேட்டால் வலது பக்கம் வாண்டு ஏதோ முணுமுணுத்துப் பாடுவதும், மெழுகுக் கலர் காகிதத்தில் உரசுவதும் தெரிந்தது. தன் வீட்டை இப்படித் திருட்டுத்தனமாகக் கேட்பதில் அவளுக்கு ஓர் ஆறுதல் இருந்தது.

யாரோ செருமினார்கள்.

பிறகு கதவைத் தட்டும் சத்தம். மெதுவாக, விரல் மடிப்பால், அவசரமே இல்லாமல்.

வாண்டுவின் பாட்டு நின்றது.

"யாரு?"

"நான்தான்."

அவள் திரையைப் பார்த்தாள். விளையாட்டு மூடித்தான் இருந்தது. திறந்திருந்தது மைக் ஒன்றுதான், அதன் பச்சைக் கோடு மட்டும் ஒவ்வொரு சொல்லுக்கும் எழும்பி எழும்பி அடங்கியது. அந்தக் குரல் கதவுக்கு வெளியே, ஆள் உயரத்தில், மழைக்குள் நின்றது. எந்தச் சத்தம் எங்கே நிற்கிறது என்று சொல்வதுதான் அவளுக்குச் சோறு போடுகிற வேலை. அதில் அவள் தவறியதே இல்லை.

"அப்பாவா?" என்றாள் வாண்டு. நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம்.

"நனைஞ்சுட்டேன்டா."

அவள் பாய்ந்து ஒலியறைக் கதவின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். மழையில் ஊறிய மரம் சட்டத்தோடு இறுகிக் கிடந்தது. மழைக்காலத்தில் எப்போதும் அப்படித்தான், வாண்டு வெளியே இருந்து தள்ளுவாள், இவள் உள்ளே இருந்து இழுப்பாள். காலைச் சுவரில் முட்டுக்கொடுத்து முழு பலத்தோடு இழுத்தாள். கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

"வாண்டு! திறக்காத! வாண்டு!"

கம்பளி குடித்துவிட்டது. பஞ்சு குடித்துவிட்டது. கழுத்துக்கு நழுவியிருந்த ஹெட்ஃபோனிலிருந்து மகளின் குரல் எறும்பு ஊர்வதுபோல வந்தது. அதைக் கழற்றிவிட்டால் கதவில் மோதலாம், ஆனால் வெளியே நடப்பது தெரியாது. மாட்டிக்கொண்டால் கம்பி நீளம் கதவுவரைதான். மாட்டிக்கொண்டே கதவை அறைந்தாள்.

"அப்பா, நீங்க வரமாட்டீங்கன்னு அம்மா சொன்னாங்களே," என்றாள் வாண்டு. குரலில் பயம் இல்லை, கொஞ்சம் கோபம்தான் இருந்தது.

"துண்டு எடுத்துட்டு வா."

அவ்வளவு மெல்ல. அவ்வளவு ஆசையாக. தூங்கும் குழந்தை எழுந்துவிடக் கூடாதே என்கிற அதே தயவோடு.

அவள் கை நின்றது.

ஒருவேளை அவர்தானா? அன்றைக்கு நனைந்த மழையிலிருந்து இன்றைக்குத்தான் வந்து சேருகிறாரா? வாசலில் குளிரில் நிற்கிறாரா? பெற்ற மகள் திறக்கப் போனால் தடுக்கிறோமே, நாமெல்லாம் ஒரு மனுஷியா? அந்த ஒரு கணம் அவள் கதவைத் தட்டவில்லை. அந்த ஒரு கணம் அவளும் திறக்கத்தான் ஆசைப்பட்டாள்.

பிறகு அவளுக்கு உறைத்தது. அவர் வீட்டுக்கு வந்தால் நான்தான் என்று சொல்லவே மாட்டார். சாவியைத் தேடிக்கொண்டே வெளியிலிருந்து உளறுவார், வாண்டுவைக் கிண்டல் செய்வார், பக்கத்து வீட்டுக் கதை சொல்வார். வெளியே நிற்கிற அதற்கு வேறு பேச்சே இல்லை. நான்கு வரிகள்தான் இருக்கின்றன. அந்த நான்கும் அவர் தனக்காகப் பேசியவை அல்ல.

அவள் விட்டுவைத்தது விருந்தாளியை.

"வாண்டு! அது அப்பா இல்லடா! அம்மா சொல்றேன் கேளு!"

தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினாள். நகத்தால் கம்பளியைக் கிழித்தாள். கைப்பிடி இருந்த ஓட்டைக்குள் விரலை விட்டு இழுத்தாள். தோல் உரிந்தது. கதவு அசையவில்லை.

அலமாரி திறக்கும் சத்தம். மூடும் சத்தம். வெறுங்கால்கள் கூடத்தில் ஓடி வருகின்றன.

"இருங்கப்பா, மேல தாழ்ப்பாள் எட்டல."

ஸ்டூல் தரையில் இழுபடுகிறது.

மைக் தாங்கியின் இரும்புக் காலை எடுத்து இடுக்கில் செருகினாள். நெம்பினாள். மரம் முனகியது.

"கதவைத் திற."

ஸ்டூல் ஆடுகிறது. குழந்தையின் மூச்சு. கீழ்த் தாழ்ப்பாள். மேல் தாழ்ப்பாள்.

நெம்பினாள்.

கதவு திறந்தது. அவளுடையது அல்ல. வாசல் கதவு. மழை ஒரேயடியாகக் காதுக்குள் பெரிதானது.

அப்புறம் பேச்சு இல்லை. மூச்சு இல்லை. மிதிக்கும் சத்தம்கூட இல்லை. மழை மட்டும். விருந்தாளியின் வசனம் முடிந்துவிட்டது. இந்த இடத்தில் திரை இருண்டுவிடும் என்று அவளுக்குத் தெரியும். இருட்டுக்குள் என்ன நடக்கும் என்று ஒரு நாள் கணவரிடம் கேட்டிருக்கிறாள். அதை எழுதவில்லை, எழுதப் பயமாக இருந்தது என்று சொன்னார்.

"ம்," என்றாள் வாண்டு, யாருக்கோ.

கொஞ்சம் பொறுத்து, "இல்லப்பா, பயப்படல."

இன்னும் கொஞ்சம் பொறுத்து, "அம்மா உள்ள வேலை செய்யறாங்க. அந்த ரூம்ல."

ஹெட்ஃபோனைப் பிய்த்து எறிந்தாள். இரும்பின் மேல் மொத்த உடம்பையும் போட்டாள். சட்டம் பிளந்தது. கதவு ஒரு ஜாண் விலகியது. தோளைச் செருகினாள், தலையைச் செருகினாள், சட்டை கிழிய வெளியே வந்து விழுந்தாள்.

கூடம் இருட்டாக இருந்தது. வாசல் விரியத் திறந்து கிடந்தது. மழைச் சாரல் உள்ளே அடித்தது.

வாண்டு ஸ்டூல்மேல் நின்றுகொண்டிருந்தாள். முழுசாக. உயிரோடு. பார்த்தவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாண்டு பெரிய வெள்ளைத் துண்டை இரண்டு கைகளாலும் தன் தலைக்கும் மேலே உயர்த்திப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, மும்முரமாக எதையோ துவட்டிக்கொண்டிருந்தாள். துண்டு உருண்டையாகப் புடைத்திருந்தது. அதன் கீழே யாரும் இல்லை. வாசல் தெரிந்தது, வாசலுக்கு வெளியே மழை தெரிந்தது. துண்டின் நுனியிலிருந்து தண்ணீர் ஒழுகித் தரையில் குளமாகத் தேங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா, பாரேன்," என்றாள் வாண்டு சலிப்போடு. "எவ்ளோ துடைச்சாலும் காயவே மாட்டேங்குது."

"வாண்டு." குரல் வெறும் காற்றாக வந்தது. "அதை விட்டுடு. மெதுவா இறங்கி அம்மாகிட்ட வா."

"அப்பா உன்னைத்தான் கேட்டுட்டே இருக்காரு."

"வாடா கண்ணு. கையை எடு."

வாண்டு சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை. இரண்டு கைகளையும் எடுத்தாள்.

துண்டு விழவில்லை. அது நின்ற இடத்திலேயே, ஈரம் சொட்டச் சொட்ட, மெல்ல அம்மாவின் பக்கம் திரும்பியது.