வந்து தங்கிட்டுப் போங்க

மாடி ரூம் படுக்கையில் யாரோ படுத்து எழுந்த தடம் இருந்தது.

காலையில்தான் ஜெயசுதா அந்த வெள்ளை விரிப்பை இழுத்து நான்கு பக்கமும் மெத்தைக்கு அடியில் செருகிவிட்டு வந்திருந்தாள். இப்போது தலையணை நடுவில் ஒரு குழி. அதற்குக் கீழே முதுகு நீளத்துக்கு ஒரு பள்ளம். கடைசியில், குதிகால்கள் இருக்கவேண்டிய இடத்தில், ஒட்டினாற்போல ஒரே ஒரு குழி. படுத்தவர் ஒரு பக்கம்கூடப் புரளவில்லை. மகள் அபிநயாவாக இருந்தால் விரிப்பு பாதி தரையில் கிடக்கும்.

"பாப்பா, மேல போயி படுத்தியா?"

"நா இன்னாத்துக்கும்மா அங்க போறேன்? நீதான் திட்டுவியே" என்றாள் அபிநயா, கீழே இருந்து.

உண்மைதான், திட்டுவாள். கள்ளக்குறிச்சியில் அந்தத் தெருவிலேயே விருந்தாளிக்கென்று தனி ரூம் வைத்திருப்பவள் அவள் ஒருத்திதான். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. மடித்த துண்டு, பிரிக்காத சோப்பு, மூடிபோட்ட செம்பில் தண்ணீர் எல்லாம் எப்போதும் தயாராக இருக்கும். கல்வராயன் மலை அருவிக்குப் போகிற சொந்தக்காரர்கள் இங்கே இறங்கித்தான் போவார்கள். பஸ் ஸ்டாண்டில் பார்த்து நாலு வார்த்தை பேசியவரைக்கூட "வூட்டுக்கு வந்து தங்கிட்டுப் போங்க" என்று சொல்லாமல் விடமாட்டாள். வாய்க்குப் பழகிவிட்ட வார்த்தை அது.

போன வாரம் திருக்கோவிலூரிலும் அதைச் சொல்லிவிட்டாள்.

அவள் புருஷன் கலையரசனின் அக்கா ராஜாம்பாள் செத்த வீடு அது. சாவு வீட்டில் யாரும் "வாங்க" என்று கூப்பிடமாட்டார்கள். கிளம்பும்போது யாரும் "போய்ட்டு வரேன்" என்றும் சொல்லமாட்டார்கள். சொல்லாமல்தான் எழுந்து போவார்கள். ஜெயசுதாவுக்குத் தெரியாததா? ஆனால் அழுது ஓய்ந்த அசதியில் ஐஸ் பெட்டிமேல் குனிந்தபோது, வாய் தானாகப் பேசியது.

"போய்ட்டு வரேன் அண்ணி. வூட்டுக்கு வந்து தங்கிட்டுப் போங்க."

சுற்றி இருந்த பெண்களின் அழுகை நின்றது. "யார்கிட்ட இன்னா பேச்சு பேசுற?" என்று ஒருத்தி அதட்டினாள். கண்ணாடிக்குள் அண்ணி நெற்றியில் ஒற்றை ரூபாயோடு, தாடையைச் சுற்றித் துணியோடு, கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டிய நாடாவோடு படுத்திருந்தாள்.

பிள்ளை இல்லாதவள் அண்ணி. எப்போது வந்தாலும் ஒரே கேள்விதான்: "லீவுக்குப் பாப்பாவ என்கூட அனுப்பேன் ஜெயா, வச்சிக்கினு அனுப்புறேன்." ஜெயசுதாவும் ஒரே பதில்தான் வைத்திருந்தாள்: "அடுத்த லீவுக்கு அண்ணி." கடைசிவரை அனுப்பவே இல்லை.

விரிப்பை உதறி மறுபடி விரித்தாள். மறுநாள் பார்த்தால் அதே தடம். சோப்பு பிரிக்கப்பட்டிருந்தது. செம்பில் தண்ணீர் பாதிதான் இருந்தது. பன்னீரும் ஊதுபத்தியும் கலந்த வாசனை திரைச்சீலை மடிப்புகளுக்குள்ளிருந்து மெல்லக் கசிந்து வந்தது. கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, ஓசூரில் வேலையாக இருந்த கலையரசனுக்கு போன் போட்டாள்.

"எலியா இருக்கும்டி."

"எலி தண்ணியக் குடிச்சிட்டு செம்ப மூடியா வைக்கும்?"

"நாளைக்கு வந்துடறேன். பாப்பாவத் தனியா விடாத" என்றான்.

அன்று சாயங்காலம் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்து மழை பிடித்தது. கரண்ட் போயிற்று. ஹாலில் கொலுசுக் காலை ஆட்டியபடி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த அபிநயாவுக்கு மெழுகுவத்தி எடுக்க ஜெயசுதா சமையலறைக்குள் போனாள். தீப்பெட்டியைத் தேடித் தடவிக்கொண்டிருந்தபோதுதான், மழைச் சத்தத்துக்கு அடியில், ஒரே சீராக ஓடுகிற ஒரு மோட்டாரின் உறுமல் காதில் விழுந்தது. கரண்ட் இல்லாத வீட்டில். மாடியில். அந்தச் சத்தத்தை அவள் திருக்கோவிலூரில், ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில், ராத்திரி முழுக்கக் கேட்டிருக்கிறாள்.

கூடவே அபிநயாவின் குரல்.

"இன்னும் லீவு வுடலியே அத்த..."

மேலேயிருந்து.

ஹாலில் நோட்டு மட்டும் திறந்து கிடந்தது.

"பாப்பா!"

படிகளில் தடுக்கி விழுந்து எழுந்து ஓடினாள். கதவில் பூட்டு. போட்டது போட்டபடி. சாவி இடுப்பில். சாவி துவாரத்தில் சேரவில்லை. உறுமல் நின்றது.

கதவு திறந்தது.

உள்ளே ஐஸ் குளிர். கட்டில் ஓரத்தில் அபிநயாவின் ஸ்கூல் பை. அதற்குள் அவளுடைய கவுன்கள், அழகாக மடித்து. வெள்ளை விரிப்பின் ஒரு பாதியில் அபிநயா. நேராக. புரளாமல். நெற்றியில் ஒற்றை ரூபாய். தாடையைச் சுற்றி விருந்தாளித் துண்டு. கால் கட்டைவிரல் இரண்டும் அவளுடைய ரிப்பனால் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. காலில் கொலுசு இல்லை.

பக்கத்துப் பாதியில் அந்த நீளப் பள்ளம் மெல்ல மேலெழும்பிச் சமமானது. யாரோ எழுந்துகொண்டார்கள்.

ஜெயசுதாவின் தோளை உரசிக்கொண்டு குளிர் வெளியே போனது. படியில் கால்கள் இறங்கின. கூடவே, அவசரமில்லாமல், சின்னக் கொலுசு. ஒவ்வொரு படியாக.

கேட் திறந்தது. மூடியது.

யாரும் "போய்ட்டு வரேன்" என்று சொல்லவில்லை.