மொட்டை மாடி மோட்டார்

பின்னறையில் அம்மா இருமினாள். அதே நொடி, லேசர் மெஷினுக்குப் போகும் குழாயில் காற்று நின்றது.

இருமல் அடங்கியதும் காற்று திரும்பி வந்தது, உஸ்ஸென்று, பழையபடியே. லேசர் முனை மரப் பெயர்ப்பலகையின் மேல் இப்படியும் அப்படியுமாக ஓடி, புதுவீட்டுக்காரர் யாருடைய பெயரையோ கருக்கிக்கொண்டிருந்தது. வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. தற்செயல் என்று மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்த மகள் நினைத்துக்கொண்டாள்.

வேறொருவர் கைபட்டு வந்த பழைய மெஷின். வந்த புதிதில் புகை மேலே எழாமல் மரத்திலேயே படியும். எழுத்தெல்லாம் மை கொட்டினாற்போல அப்பிக்கொள்ளும். லென்ஸைத் துடைத்துத் துடைத்து அவளுக்குக் கை ஓய்ந்துவிடும். “எரியிற இடத்துல காத்து ஊதிக்கிட்டே இருந்தா சரியாயிடும்” என்று வழி கண்டுபிடித்தவன் கணவன்தான். அவள் கடைக்குப் போயிருந்த ஒரு பகலில் சுவரில் துளை போட்டு, கண்ணாடிபோல் தெளிந்த மெல்லிய பிளாஸ்டிக் குழாயொன்றை இழுத்து முனையில் பொருத்தி வைத்திருந்தான். ரப்பர்போல வளையும் குழாய்.

“காத்து அடிக்கிற மோட்டார் எங்கேங்க?”

“மொட்டை மாடியில. பக்கத்துல வச்சா அந்த இரைச்சல்ல நான் கூப்பிடறது உனக்குக் கேக்காது. இப்பவே கேக்கறதில்ல.” சிரித்தான். “நீங்க வேலையைப் பாருங்க முதலாளியம்மா. அத்தையை நான் பாத்துக்கறேன்.”

பார்த்துக்கொண்டான். மூச்சுத் திணறலில் படுத்துவிட்ட அம்மாவுக்கு மருந்து, சாப்பாடு, உடைமாற்றல் எல்லாம் அவன்தான். உள்ளே புகை போய்விடக் கூடாதென்று அறைக் கதவைக்கூட அவளைத் திறக்கவிடவில்லை. எந்த மருமகன் இப்படிச் செய்வான் என்று தோழிகளிடம் சொல்லிப் பூரித்திருக்கிறாள்.

அவள் குழாயின் அருகே குனிந்தாள். உள்பக்கம் பனி பூத்ததுபோல் வெண்மையாக மங்கி, தெளிந்து, மறுபடி மங்கியது. முனையிலிருந்து வந்த காற்று வெதுவெதுப்பாக அவள் கன்னத்தில் பட்டது. மருந்தும் வறண்ட வாயும் கலந்த வாசனை. சின்ன வயதில் அம்மாவின் முகத்தோடு முகம் ஒட்டிப் படுத்த ராத்திரிகளில் இதே காற்றுதான் அவள் நெற்றியில் பட்டுக்கொண்டிருந்தது.

மெஷினை நிறுத்திவிட்டு மாடிக்கு ஓடினாள். மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில் மோட்டார் பெட்டி நனைந்துகொண்டிருந்தது. மேலே ஒட்டியிருந்த டேப்பைக்கூட யாரும் கிழிக்கவில்லை.

கீழே வந்தாள். குழாய் இன்னும் ஊதிக்கொண்டிருந்தது.

இரண்டு விரலால் அதை அழுத்திப் பிடித்தாள்.

சுவருக்கு அந்தப்புறம் கட்டில் கிரீச்சிட்டது. குதிகால் மரத்தில் இடித்தது. மறுபடி இடித்தது.

விட்டாள். காற்று அவசர அவசரமாக வந்தது.

“அம்மா.”

பின்னறையின் தாழ்ப்பாள் உள்ளிருந்து விலகியது. கணவன் கதவைத் திறந்தான். கோபமே இல்லை அவன் முகத்தில்.

“அப்படிப் பிடிக்காதம்மா. பாவம், அவங்களுக்கு வலிக்கும்.”

அம்மாவின் வாயையும் மூக்கையும் மாஸ்க் இறுக்கியிருந்தது. அதிலிருந்து கிளம்பிய குழாய் நேரே சுவருக்குள் போனது. வேறு எந்தக் கருவியும் அறையில் இல்லை.

“என்னங்க இது?”

“நீதானே காத்து கேட்ட?”

கட்டிலின் ஓரம் உட்கார்ந்து, அம்மாவின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்தினான். அவளுக்குப் பின்னால், முன்னறையில், உஸ்ஸென்று கேட்டது. எடுத்தான். அழுத்தினான்.

அம்மாவின் கண்கள் மகளைப் பார்த்தன. போர்வைமேல் கிடந்த விரல் ஒன்று அசைந்தது. போ. போ.

“இவங்களால முன்ன மாதிரி முடியல” என்றான், அவளை முதல்முதலாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட நாளின் அதே கனிவோடு. பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைத் தட்டிக் காட்டினான்.

சலவை விரிப்பு. புதுத் தலையணை. அதன்மேல் இன்னொரு மாஸ்க். அவள் தலையளவுக்கு நாடா முடிந்து வைத்திருந்தது. அதன் குழாயும் சுவருக்குள் போயிருந்தது.