நாற்பத்து மூன்று கைநாட்டு

போன் அலறியது!

தொழிற்சங்கத் தலைவர் றெஜினோல்ட் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு எடுத்தார்.

"தலைவர்! பேங்க் மெனேஜர் கிளின்ரன் மகாவலி ஆத்துல குதிச்சிட்டாரு! கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கீழ பொணத்த எடுத்துட்டாங்க!" அவருடைய டிரைவரின் குரல்.

றெஜினோல்டுக்கு நெஞ்சு ஒருமுறை நின்று அடித்தது.

பிறகு... லேசாகிவிட்டது!

கிளின்ரன் இனி வாய் திறக்க மாட்டான்.

கலஹா தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நாற்பத்து மூன்று பேரின் பெயரில் வீட்டுக் கடன். ஒருவருக்கும் ஒரு சதம் போகவில்லை. தின்றது றெஜினோல்டும் கிளின்ரனும். கைநாட்டு வைத்ததோ டிரைவரின் விரல்.

"அந்தக் கைநாட்டு விசயம், தலைவர்... என் வெரல்..."

"வாய மூடுடா! மைய அப்பித்தானே வெச்ச? ரேகையே தெரியாது. பின்னேரம் நாலு மணிக்குச் சங்கத் தேர்தல். நாடு முழுக்க நான்தான் பொதுச்செயலாளர். அதுக்குப் பொறகு பொலிஸும் என்னையக் கண்டா எழும்பி நிக்கும்!"

கதவு தட்டப்பட்டது.

இன்ஸ்பெக்டர் மக்கீன்! கையில் வங்கிக் கோப்பு. பின்னால், இடது கையில் துவாயைச் சுற்றிய ஒரு கிழவர்.

"இருங்க சேர், இருங்க!" றெஜினோல்ட் கதிரையை இழுத்துப் போட்டார். "இந்த ஆள் யாரு?"

கிழவரின் பார்வை தலைவருக்குப் பின்னால், சுவரில் தொங்கிய பழைய படத்தில் நின்றது.

"பொறகு சொல்றேன்," என்றார் மக்கீன். "மெனேஜர் கடிதம் ஒண்டும் எழுதி வெக்கல்ல. கைநாட்டெல்லாம் மை அப்பியீக்குது, ரேகை விளங்கல்ல. கேஸ மூடச் சொல்லி மேல இருந்து நெருக்குறாங்க."

றெஜினோல்டின் வேர்வை உலர்ந்தது.

"ஒரே ஒரு கேள்வி, தலைவர். கடன் பாரத்தில எல்லாம் சாட்சிக் கையெழுத்து உங்கட. கைநாட்டு வெச்சதக் கண்ணால கண்டீங்களா?"

இல்லை என்றால் மாட்டிக்கொள்வார். ஆம் என்றால்... பழி முழுக்கச் செத்தவன் தலையில்!

"கண்டேன் சேர்! நாப்பத்தி மூணு பேரும் இந்த மேசைக்கு முன்னுக்கு வந்து, எடது பெருவெரல மையில தொட்டு வெச்சாங்க. காசக் கிளின்ரன் சுருட்டிட்டான். பாவம், நம்ம சனம்..."

குரல் தழுதழுத்தது. மேடையில் பழகிய குரல்!

"எழுதித் தர ஏலுமா?"

"ஏன் ஏலாது?"

எழுதினார். கையெழுத்தும் போட்டார்.

மக்கீன் தாளை வாங்கி, மை காயும்வரை ஊதினார்.

"கடனக் கட்டச் சொல்லி பேங்க் கடிதம் வந்ததும், பொலிசுக்கு முதல்ல வந்தவர் இவர்தான். இருபத்தேழாவது பாரம். செல்லப்பா."

அந்தப் பெயர் றெஜினோல்டை எங்கேயோ உரசியது. எங்கே...?

"தலைவருக்கு மறந்திருச்சு," கிழவர் முதன்முறையாகப் பேசினார். "பொறத்தால திரும்பிப் பாருங்க."

றெஜினோல்ட் திரும்பினார்.

இருபது வருடமாக அவர் முதுகு காட்டியே உட்கார்ந்திருந்த படம்! கலஹாத் தேயிலைத் தொழிற்சாலை. ரோலர் மெசினில் விரலைப் பறிகொடுத்த தொழிலாளிக்கு நட்டஈடு வாங்கிக் கொடுத்த நாள். அந்தக் கையை உயரத் தூக்கிப் பிடித்துத்தான் அவர் தலைவரானார்.

படத்தில் அந்த இடது கையில்... நாலே விரல்!

செல்லப்பா துவாயை அவிழ்த்தார்.

அதே கை! பெருவிரல் இருந்த இடம் மொட்டை!

றெஜினோல்டின் கண் மேசைக்குப் பாய்ந்தது. எழுதிக் கொடுத்த தாள் அங்கே இல்லை. மக்கீனின் சட்டைப் பைக்குள்!

மக்கீன் எழுந்து நின்றார்... தலைவர் ஆசைப்பட்டபடியே!

"போவோமா, தலைவர்?"

"ஒரு நிமிசங்க ஐயா," செல்லப்பா குறுக்கே வந்தார். "மெசினுக்குள்ள போன வெரலு, என்னைய ஒரு வார்த்த கேக்காம பேங்குக்குப் போய்ட்டு வந்திருக்கு. கடன அதுகிட்டயே வசூல் பண்ணிக்கச் சொல்லுங்க!"