கணவாயில் எடுத்த படம்

இன்னும் பெல் அடிக்கவில்லை. இப்போதே காரைத் திருப்பிக்கொண்டு போய்விடலாம். கொத்தமல்லி வாங்கப் போனேன், வாடிக் கிடந்தது, வந்துவிட்டேன் என்றால் அவர் நம்பிவிடுவார். நான் சொல்லி அவர் நம்பாத பேச்சே கிடையாது. அவர் சொன்னதைத்தான் மூன்று வாரமாக நான் நம்பப் பார்க்கிறேன்.

சாரதா என்ஜினை அணைத்தாள். கைப்பையில் ஒரு போட்டோவும் ஒரு வரைபடமும் இருந்தன. போட்டோவில் ஏதோ சரியில்லை. என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள விருப்பமில்லை என்பதுதான் இன்னும் பெரிய உண்மை.

மான்மவுத் ஜங்ஷன் என்ற அந்த அமெரிக்க ஊரில், வரிசை வீடுகளின் கடைசியில் நேசமலர் இருந்தார். இருபது வருடம் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்துக் கோரிக்கைகளைச் சரிபார்த்தவர். இப்போது ஊரில் யாருக்காவது விளங்காத விஷயம் ஏதேனும் வந்தால் அவரிடம் போவார்கள். அந்த யாழ்ப்பாணத்து அம்மா ஒரு கோப்பைத் தேநீர் ஆறுவதற்குள் உண்மையை வாங்கிவிடுவார் என்று பேச்சு.

கதவைத் திறந்தது கயல். மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் சாஃப்ட்வேர்க்காரப் பெண். கையில் நோட்டும் பேனாவும் தயாராக இருந்தன.

“சபரிநாதன் மேட்டர்தானே? உள்ள வாங்க. ஆன்ட்டி, நான் சொன்னேன்ல, வருவாங்கன்னு!”

“பிள்ளை, முதல்லை அவவை இருக்க விடு,” என்றார் உள்ளிருந்து நேசமலர். “வாங்கோ. சப்பாத்தோடையே வரலாம்.”

சாரதா செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனாள். சோபாவின் விளிம்பில் உட்கார்ந்து, வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததைச் சொன்னாள்.

அவள் கணவர் வேலுமணியும் அவருடைய ஆபீஸ் நண்பர் சபரிநாதனும் ஆகஸ்டில் கம்பெனி வேலையாக ஸ்விட்சர்லாந்து போனார்கள். வேலை முடிந்ததும் மூன்று நாள் லீவு போட்டு, தெற்குக் கோடியில் வல்மோரா என்ற பள்ளத்தாக்குக்கு நடக்கப் போனார்கள். அங்கிருந்து இத்தாலி எல்லைக் கணவாய்க்கு ஒரு பழைய பாதை உண்டு. ஒரு காலத்தில் உப்பும் ஒயினும் ஏற்றிய கழுதைகள் போன வழி. முழுக்கக் கல் பாவியது. இன்ன இடத்துக்கு இத்தனை மணி நேரம் என்று திருப்பத்துக்குத் திருப்பம் மஞ்சள் பலகை இருக்கும்.

“வியாழக்கிழமை மழைன்னு ரூம்லயே இருந்துட்டாங்களாம். வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் கணவாய் ஏறி, அந்தப் பக்கம் ஒரு டீக்கடை மாதிரி இருக்குதாம், அங்க டீ குடிச்சிருக்காங்க. சபரி மட்டும் இத்தாலிப் பக்கமா இறங்கி ஒரு ஏரியைப் பார்த்துட்டு, மறுநாள் ட்ரெயின்ல வந்துர்றேன்னு போயிட்டாராம். வரலைங்க. இன்னைக்கு வரைக்கும் வரல.”

“போலீஸ்?”

“இத்தாலிப் பக்கம்தான் தேடறாங்க. டீக்கடைக்கார அம்மாவும் ரெண்டு இந்தியர் வந்தது நிசம்னு சொல்லுது. எந்த நாள்னு அதுக்குச் சரியா ஞாபகமில்லையாம்.”

“ஆன்ட்டி, ஆளு எஸ்கேப்,” என்றாள் கயல். “யூரோப்லயே செட்டில் ஆயிட்டார். கோயில்ல எல்லாரும் அப்படித்தான் பேசிக்கிறாங்க.”

“அப்படிப் பேசறதுதான் மீனாக்ஷியைக் கொல்லுதுங்க,” என்றாள் சாரதா. மீனாக்ஷி சபரிநாதனின் மனைவி. கணவன் விசாவில் ஒட்டிக்கொண்டு இங்கே இருப்பவள். கணவன் உயிரோடு இருக்கிறானா என்று தெரியாமல் அவளால் ஊருக்கும் போக முடியவில்லை, இங்கேயும் இருக்க முடியவில்லை. “அவளுக்காகத்தான் வந்தேனுங்க.”

அவளுக்காகத்தான் என்று இன்னொரு தடவை மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

நேசமலர் போட்டோவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எல்லைக் கல்லின் இரு பக்கமும் இரண்டு ஆண்கள். நீல வானம். வேலுமணியின் கன்னம் கழுவி வைத்த தட்டு மாதிரி பளிச்சென்று இருந்தது. சபரிநாதனுக்கு நாலு நாள் தாடி.

“இதிலை திகதி விழேல்லையே?”

“அவரு கேமராவுல அது வராதுங்க. போலீஸுக்கு ஒரு காப்பி அனுப்பிட்டாரு.”

“வெள்ளிக்கிழமை உங்களோடை கதைச்சவரோ?”

“ஆபீசுக்குக் கூப்பிட்டாரு. இங்க மத்தியானம், அங்க சாயங்காலம். காலைல இருந்து ஒரே மூடுபனி, பத்தடிக்கு முன்னால தெரியல, சபரி இன்னும் வரலைன்னாரு.”

கயல் நிமிர்ந்தாள். “வரலைன்னாரா? மறுநாள்தானே வரணும்? அதோட மூடுபனின்னா இந்த நீல வானம் எங்கேருந்து வந்துச்சு?”

சாரதா முந்திக்கொண்டாள். “நானும் கேட்டேனுங்க. மேல ஏறினா வெயில், கீழதான் பனின்னாரு. வரலைன்னு நான் சொல்லவே இல்லை, நீ தப்பாக் கேட்டிருக்கேன்னாரு.”

“மலையிலை அப்படி வெயில் அடிக்கிறதுதான்,” என்றார் நேசமலர் நிதானமாக. “அவருக்கு இத்தாலி விசா இருந்ததோ?”

“இல்லைங்க. ரெண்டு பேருக்கும் ஸ்விஸ் விசா மட்டும்தான், இத்தாலிக்குத் தனியா எடுக்கணும். விசா இல்லாம எல்லை தாண்டி டீ குடிச்சது தப்புத்தான்னு போலீஸ்கிட்ட அவராவே சொல்லிட்டாரு.”

“தானாவே?”

“ஆமாங்க. ரெட் லைட்ல ராத்திரி ஆளில்லாத ரோட்டுல கூட நிக்கிற மனுஷன்.”

நேசமலர் வரைபடத்தை எடுத்தார். அவர் பையின் பக்க உறையில் இருந்தது, பையைத் துவைக்க எடுத்தபோது கிடைத்தது என்றாள் சாரதா. உள்ளே ஒரு கடைச் சீட்டு: வெள்ளிக்கிழமை, காலை எட்டு பத்து. வரைபடம் வாங்கியபோது இருந்த மடிப்பில் இல்லை. வேறு ஒரு பகுதி வெளியே தெரியும்படி மாற்றி மடித்து, நனைந்து, உலர்ந்திருந்தது. ஓரத்தில் மஞ்சளாக எண்ணெய்க் கறை.

“இது என்ன?”

“எலுமிச்சை சாதமுங்க. போற இடத்துலெல்லாம் சின்னக் குக்கர் கொண்டு போயிடுவாரு. வெளி ஆகாரம் ஒத்துக்காது.”

கறைக்குப் பக்கத்தில் ஒரு பாதையின் குறுக்கே யாரோ பேனாவால் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். நேசமலர் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, சம்பந்தமே இல்லாத மாதிரி கேட்டார்:

“உங்கடை அவர் ஒவ்வொரு நாளும் சேவ் எடுக்கிறவரோ?”

“செவ்வாய், வெள்ளி தவிர…” என்று ஆரம்பித்த சாரதா நிறுத்திவிட்டாள்.

நேசமலர் வரைபடத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து வைத்தார். தேநீர்க் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினார். “ஞாயிற்றுக்கிழமை மூண்டு மணிக்கு உங்கடை வீட்டுக்கு வாறன். மீனாக்ஷியையும் கூப்பிடுங்கோ. உங்களுக்கு இது வேண்டாமெண்டா இப்பவே சொல்லுங்கோ, பிள்ளை. நான் படத்தைப் பார்க்கவே இல்லையெண்டு விட்டிடுறன்.”

வேண்டாம் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. “வாங்க,” என்றாள் சாரதா.

ஞாயிறு மூன்று மணிக்கு சாரதாவின் வெஸ்ட் வின்ட்சர் வீட்டு ஹாலில் ஐந்து பேர் இருந்தார்கள். வேலுமணி டிரேயில் காபி கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தார். விருந்தாளிகள் வந்தால் அவர் எப்போதுமே அப்படித்தான். மீனாக்ஷி கோப்பையைத் தொடவில்லை. அவள் கண்கள் ஒவ்வொரு முகமாகப் போய் வந்தன.

“மேடம், எனக்குத் தெரிஞ்சதெல்லாம் போலீஸ்ல சொல்லிட்டேனுங்க,” என்றார் வேலுமணி. “இருந்தாலும் கேளுங்க.”

“கேக்க ஒண்டும் இல்லை. நான் நினைச்சதைச் சொல்லுறன். பிழையெண்டா திருத்துங்கோ.” நேசமலர் போட்டோவை மேசையில் வைத்தார். “நீங்கள் ரெண்டு பேரும் கணவாய்க்குப் போனது உண்மை. தேத்தண்ணி குடிச்சதும் உண்மை. ஆனா அது வெள்ளிக்கிழமை இல்லை, வியாழக்கிழமை. வியாழன் மழையே இல்லை.”

“அதெப்படிங்க சொல்றீங்க?”

“உங்கடை முகம் சொல்லுது. நான் வேதக்காரி, சேர்ச்சுக்குப் போறவள், எனக்கு இந்த வழக்கமெல்லாம் தெரியாது. கயல்தான் விளக்கினவள்.”

“எங்கப்பாவும் இப்படித்தான்,” என்றாள் கயல். “செவ்வாயும் வெள்ளியும் ரேசரைத் தொட மாட்டார். ஒரு தடவை வெள்ளிக்கிழமை இன்டர்வியூ வந்துச்சு, தாடியோடவே போனார். போட்டோவுல நீங்க அப்பத்தான் ஷேவ் பண்ணின மாதிரி இருக்கீங்க, அங்கிள்.”

வேலுமணி சிரித்தார். அந்தச் சிரிப்பை சாரதா பதினோரு வருடமாகப் பார்த்திருக்கிறாள். கார் விற்பவனிடம் விலை பேசும்போது வரும் சிரிப்பு. “வெளிநாட்டுல போயி நாள் கிழமை யாரு பார்ப்பாங்க?”

“குக்கர் கொண்டு போற ஆள் பார்ப்பார்,” என்றார் நேசமலர். “சரி, அதை விடுங்கோ. வியாழன் மழையிலை அறைக்குள்ளை இருந்தனாங்கள் எண்டு சொல்லுறீங்கள், ஆனா வெள்ளி எட்டு மணிக்குப் புதுசா வரைபடம் வாங்கியிருக்கிறீங்கள். கணவாய்ப் பாதை கல்லுப் பாவினது, திருப்பத்துக்குத் திருப்பம் பலகை. அதுக்கு ஏன் வரைபடம்? வரைபடம் வேறை பாதைக்கு. நடக்கிற ஆள் தனக்கு வேண்டின பக்கத்தை வெளியிலை வச்சு மடிப்பான். நீங்கள் மடிச்சது ஸ்விஸ் பக்கத்திலை, பனிப்பாறைக்குப் போற கிளைப் பள்ளத்தாக்கு. நனைஞ்சதும் அந்தப் பக்கம், சோறு பட்டதும் அந்தப் பக்கம். பாதையிலை பெருக்கல் குறி போட்டது வித்தவன். கல் விழுகுது, மூடியிருக்கு எண்டு அவன் சொல்லித்தான் குடுத்திருக்கிறான்.”

மீனாக்ஷி எழுந்துவிட்டாள். எங்கே போவதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தாள்.

“நான் முதல்லை சந்தேகப்பட்டது இதிலை ஒண்டிலையும் இல்லை,” என்றார் நேசமலர். “விசா இல்லாமல் எல்லை தாண்டினதை நீங்களாவே சொன்னீங்கள் பாருங்கோ, அதிலைதான். கேக்காத குற்றத்தை ஒரு பயந்த மனுசன் ஏன் ஒப்புக்கொள்ளுறான்? பெரிசு ஒண்டை மறைக்க அந்தச் சின்னது தேவைப்பட்டிருக்கு.”

“அப்போ நீங்க அவரைத் தள்ளி…” என்று கயல் பதறினாள்.

“இல்ல!” வேலுமணியின் குரல் உடைந்தது. “தள்ளலைங்க. சாமி சத்தியமா இல்லைங்க.”

பிறகு அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார். பனிப்பாறையைப் பக்கத்தில் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. மூடிய பாதை வேண்டாம் என்றவர் சபரி. போர்டெல்லாம் கிழவர்களுக்குப் போட்டது என்று கேலி செய்து கூட்டிக்கொண்டு போனவர் இவர். மேலே சாப்பிட்டார்கள். சபரிக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. ஓடையோரம் ஒரு கல்லில் அவரை உட்காரவைத்துவிட்டு, அரை மணியில் வருகிறேன் என்று இவர் மட்டும் ஏறினார். அதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது. திரும்பி வந்தபோது கல் இருந்தது, ஆள் இல்லை. கத்தினார். எங்கேயோ கற்கள் சரியும் சத்தம் கேட்டது. பயந்து இறங்கிவிட்டார். சபரி முன்னாலேயே போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டார்.

“ராத்திரி ஆச்சு, வரல. நவம்பர்ல க்ரீன் கார்டு இன்டர்வியூ. மூடின பாதைக்கு இழுத்துட்டுப் போயி விட்டுட்டு வந்தேன்னு சொன்னா கேஸாயிரும்னு… ஒரு நாளை மாத்திச் சொல்லிட்டேன். அப்புறம் அதை மாத்த முடியலைங்க.”

“மூணு வாரம்,” என்றாள் மீனாக்ஷி. அழவில்லை. “எம் புருஷன் யாரோடயோ ஓடிட்டாருன்னு எங்கம்மாவுக்கு போன் பண்ணிச் சொல்றாங்க. நீங்க எங்க வீட்டுக்கு வந்து, வந்துருவான்மா, தைரியமா இருன்னீங்க. மூணு வாரம் வேற மலையில தேடிட்டு இருக்காங்கண்ணா.”

சாரதா கணவரைப் பார்த்தாள். ஏன் சொல்லவில்லை என்ற கோபத்தைவிட, இந்த மூன்று வாரமும் இவர் எப்படித் தூங்கினார் என்ற வியப்புதான் பெரிதாக இருந்தது. நன்றாகத் தூங்கினார். குறட்டை கேட்டபடி விழித்துக் கிடந்தது அவள்தான்.

வேலுமணி எழுந்து கார்ட்லெஸ் போனை எடுத்து அவளிடம் நீட்டினார். குரல் தாழ்ந்து, பழைய பிரியத்தோடு வந்தது.

“சாரு, நீ ஸ்விஸ் போலீஸுக்குப் பேசு. வெள்ளிக்கிழமை காலைல சபரி நம்ம வீட்டுக்கு போன் பண்ணினான், ஏரிக்குப் போகலை, அந்தப் பள்ளத்தாக்குக்குத் தனியா போறேன்னு சொன்னான், இப்பத்தான் ஞாபகம் வந்துச்சுன்னு சொல்லு. உடனே தேட ஆரம்பிச்சுருவாங்க. எம் பேரு வராது. உன் கார்டும் என் கார்டும் தப்பிச்சுரும். யாருக்கும் நஷ்டமில்ல.”

கயல் வாயைத் திறந்தாள். நேசமலர் அவள் முழங்கை மேல் கை வைத்தார்.

“யாரு பேசினா என்னக்கா,” என்றாள் மீனாக்ஷி. “தேடச் சொல்லுங்க. அது போதும்.”

அது போதும்தான். இரண்டே வாக்கியம். இந்த வீடு, மகளின் பள்ளிக்கூடம், நவம்பர் மாதம் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். போகாதே என்று சொன்ன மனுஷன் மட்டும், சொன்ன பேச்சுக் கேட்காமல் தனியே போனவனாக ஒரு தாளில் எழுதப்படுவான்.

சாரதா போனை வாங்கவில்லை.

“நீங்க அவரை உட்கார வெச்ச கல்லு எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்க,” என்றாள் மெதுவாக. “உங்களுக்குத்தான் தெரியும். நான் பேச மாட்டேன். நீங்க பேசுங்க.”