நட்சத்திரக் குறி போட்டவன்

தலைநகர் பிஷ்கெக்கில் ஏப்ரல் மழைக்கு நேரம் காலம் கிடையாது. இறைச்சி பொதிந்து சுட்ட இரண்டு சம்சாக்களோடு, சூடு ஆறுமுன், அலுவலக வாசலுக்கு ஓடி வந்த பெகாயிம், எதிரே வந்தவனின் மடிக்கணினிப் பையில் நேராக மோதினாள். ஒரு சம்சா தேங்கிய தண்ணீரில் விழுந்தது.

"கண்ணு எங்க இருக்கு உங்களுக்கு?"

"இருந்துச்சு... இப்பதான் உங்க பக்கம் போச்சு," என்றவன், சொன்ன வேகத்தில் காது வரை சிவந்து போனான். இமையில் மழைத்துளி நின்றது. வெயிலுக்குச் சுருங்கிப் பழகிய மலைக்காரக் கண்கள்... பெகாயிம் சட்டென்று பார்வையை விலக்கிக் கொண்டாள்.

"சர்வரப் பாத்துக்கற பெகாயிம்ங்கறவங்களப் பாக்கணும். ரொம்பக் கோவக்காரங்களாமே?"

"ஆமா. இன்னிக்குக் கொஞ்சம் கூடுதல். ஒரு சம்சா கொறையுதுல்ல."

வந்தவன் மலை மாவட்டமான நாரினைச் சேர்ந்த எர்மெக். மந்தைகள் கோடை மேய்ச்சலுக்கு மலையேறும் முன் தடுப்பூசி விவரத்தை மேய்ப்பர்களே பதிவு செய்ய, ஜாவா நிரல்மொழியில் ஒரு இணையதளம் எழுதியிருந்தான். எட்டு மாத உழைப்பு, அதுவும் தனி ஆளாக. திங்கட்கிழமை மந்தைகள் கிளம்பிவிடும். இன்றே அதைச் சர்வரில் ஏற்றிவிட்டு நாலு மணி வண்டியைப் பிடிக்க வேண்டும் என்றான். 'அதுக்குள்ளயா...' என்று அவள் மனம் ஏன் முணுமுணுத்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

குறை கண்டுபிடிக்கும் நினைப்போடுதான் நிரலைத் திறந்தாள். ஒவ்வொரு பக்கத்தின் முகவரிக்கும் பக்கத்தில், அங்கே யார் வருவார்கள் என்று குறிப்பு எழுதி வைத்திருந்தான். 'இவர் கையுறையோடு தொடுவார், பொத்தான் பெரிதாக இருக்கட்டும்.' பத்து வருடமாக எத்தனையோ பேருடைய நிரலைப் பார்த்திருக்கிறாள். இப்படி ஒருவரை யோசித்து எழுதியவனைப் பார்த்ததில்லை.

தளம் ஏறியது. ஆனால் பக்கம் மொட்டையாக வந்தது. நிறமில்லை, படமில்லை, வெறும் எழுத்து. மேலதிகாரி சபார்பெக்கும் இன்னும் இரண்டு பேரும் திரையைச் சுற்றி நின்றுவிட்டார்கள்.

பெகாயிமுக்கு ஒரு நொடிதான் ஆனது. முகவரிப் பட்டியலில் அவன் நட்சத்திரக் குறி போட்டிருந்தான். எந்த முகவரி கேட்டு வந்தாலும் என் நிரலிடமே அனுப்பு என்று அர்த்தம். படம் கேட்டு வந்த கோரிக்கைகூட அங்கேயே போய் முட்டிக் கொண்டு நின்றது.

"மொத வருசப் பசங்க பண்ற தப்பு," என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னாள். கால்நடை என்று பொருள்படும் 'மல்' எனத் தொடங்கும் முகவரிகள் மட்டும் அவன் நிரலுக்குப் போகும்படி மாற்றினாள். படங்கள் வந்தன. யாரோ சிரித்தார்கள்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்..." எர்மெக் மெதுவாகத்தான் சொன்னான். மன்னிப்புக் கேட்க அவளுக்கு வாய் வரை வந்தது. வீம்பு விடவில்லை.

அரை மணி நேரத்தில் நாரின் மலைப்பக்கத்து அத்-பாஷியிலிருந்து எர்மெக்கின் போனுக்கு ஒரு மேய்ப்பரின் அழைப்பு.

"தம்பி, நீ குடுத்த தாள்ல இருக்கறத அப்படியே அடிச்சேன். அப்படி ஒரு பக்கமே இல்லங்குது."

அறுநூறு வீடுகளுக்குக் குளிரில் போய் அவன் கொடுத்த தாள் அது. அதில் இருந்த சின்ன முகவரியில் 'மல்' கிடையாது. அந்த முகவரி கெடக் கூடாது என்றுதான் நட்சத்திரம் போட்டிருக்கிறான்...

"யார் பாத்த வேல இது?" சபார்பெக் குரல் உயர்ந்தது.

"என் பட்டியல், பைகே. தப்பு என்னோடது," என்றான் எர்மெக், அண்ணனை அழைக்கும் மரியாதையோடு.

பெகாயிம் அவனை நிமிர்ந்து பார்த்தாள். இவ்வளவு பெரிய மனதா இவனுக்கு?

"இல்ல பைகே. கேக்காம மாத்துனது நான். எல்லார் முன்னாடியும் கிண்டல் பண்ணதும் நான்தான்."

நட்சத்திரத்தை அவன் மறுபடி போட்டான். படங்கள் இருக்கும் இடத்துக்கென்று தனியாக ஒரு வரி அவள் சேர்த்தாள். எந்த வரி கூடுதலாகப் பொருந்துகிறதோ அதைத்தான் சர்வர் மதிக்கும். படம் படத்துக்குப் போனது, பதிவு பதிவுக்குப் போனது. "வந்துருச்சு தம்பி, ஆட்டுப் படம்கூட தெரியுது," என்றார் மேய்ப்பர்.

மணி மூன்றரை. எர்மெக் நன்றி சொன்னான், தயங்கினான், போய்விட்டான். காலி நாற்காலியைப் பெகாயிம் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மழையில் ஓடினாள்.

வண்டி நிலையத்தில், நாரின் போகும் வாடகைக் காரில் மூன்று பேர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். நாலாவது ஆள் அவன். வண்டி நிறைந்துவிட்டது, ஓட்டுநர் சாவியைத் திருகிவிட்டார். அவளைப் பார்த்ததும் எர்மெக் இறங்கினான்.

"சர்வர்ல ஏதாவது...?"

"சர்வர் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான்..."

"சீக்கிரம் சொல்லித் தொலைம்மா, கணவாய்ல பனி விழுந்தா மாட்டிக்குவோம்," என்றாள் உள்ளே இருந்த ஒரு அக்கா.

பெகாயிம் மூச்சை இழுத்துக் கொண்டாள். "எனக்கு உங்களப் புடிச்சிருக்கு. நாளைக்கு போன்ல சொல்லலாம்னா தைரியம் வராது, அதான் ஓடி வந்தேன்."

எர்மெக் கதவை மறுபடி திறந்தான். வண்டிக்குள் கை விட்டுத் தன் பையை எடுத்தான்.

"யோவ், நாலாவது ஆளுக்கு நான் எங்க போவேன்?" என்றார் ஓட்டுநர்.

"வேற ஆளப் பாருங்க. நான் ஊருக்கு வரல," என்றான் எர்மெக். பிறகு அவள் பக்கம் திரும்பினான். "நீங்க சொன்னதையே சொல்ல வழி தெரியாமத்தான் இவ்வளவு நேரம் வண்டிக்குள்ள முழிச்சுட்டு இருந்தேன்... எனக்கும் புடிச்சிருக்கு, பெகாயிம்."