கறுப்புப் பிசின்

அந்த வீட்டின் அழைப்பு மணி வேலை செய்யவில்லை. ரிப்பேர்காரனுக்கு அதைப் பார்த்ததுமே கை அரித்தது. கதவைத் தட்டிவிட்டுக் காத்திருந்த நேரத்தில் மணியின் மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தே விட்டான். கெட்டுப்போன எதையும் கண்டால் சும்மா விட்டுவிட்டு வர அவனால் முடியாது. அது அவனுக்குப் பிழைப்பு மட்டுமல்ல, பிறவிக் குணம்.

"அதை விட்டுடுங்க. வேணும்னுதான் கழட்டி வச்சிருக்கு," என்றபடி கதவைத் திறந்தாள் அந்த அம்மாள்.

வயதானவள். இடது கையில் ஒரு துவாலையைச் சுற்றியிருந்தாள். பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தவள் பாதியில் எழுந்து வந்தது போலிருந்தது. வெளியே பட்டப்பகல் வெயில். உள்ளே ஜன்னல்கள் எல்லாம் சாத்தி, கூடம் இருண்டு கிடந்தது. உள்ளே கால் வைத்ததும் சூடான ஈயத்தின் வாசனை அவன் மூக்கில் ஏறியது. யாரோ இப்போதுதான் பற்றவைத்துவிட்டு எழுந்து போன மாதிரி வாசனை.

"வீட்ல யாராவது சால்டரிங் பண்றாங்களாம்மா?"

"என் அண்ணன் பண்ணுவான். அவன் செத்து ரொம்ப வருஷமாச்சு," என்றாள். சொல்லிக்கொண்டே பின்னறைக்கு நடந்தாள்.

பின்னறை அலமாரியில் அவன் தேடி வந்த பொருள் இருந்தது. செங்கல் நிறப் பெயிண்ட் உரிந்துபோன, உள்ளங்கையளவு இரும்புப் பெட்டி. ஓவர்டிரைவ் பெடல். கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே காலடியில் கிடக்கும். மிதித்தால் சிவப்பு விளக்கு எரியும், சுத்தமான கிட்டார் ஒலி கரகரத்துப் பொங்கும். கடையில் ஆயிரம் கிடைக்கின்றன. ஆனால் இந்த அம்மாளின் அண்ணன் தன் கையால் செய்த பெடல்களைப் பற்றி வாசிக்கிறவர்கள் பேசும்போது குரலைத் தாழ்த்துவார்கள். ஒன்றாவது கிடைக்காதா என்று அலைகிறவர்கள் பலர். அவனும் அப்படி அலைந்தவன்தான்.

"ஓடுமா?"

"ஓடாது. ஓட வேண்டாம்னுதான் இருக்கு." பிறகு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒண்ணே ஒண்ணு கேட்கணும். உங்க வீட்ல வேற யாராவது கிட்டார் வாசிக்கிறாங்களா?"

ஏன் கேட்கிறாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. பதில் மட்டும் யோசிக்காமல் வந்தது.

"இல்லம்மா. நான் மட்டும்தான்."

"வாசிக்கிறவங்க ரெண்டு பேர் இருக்கற வீட்டுக்கு இது போகக்கூடாது. அதான் கேட்டேன்," என்று பெட்டியை வலது கையால் எடுத்து நீட்டினாள்.

அவன் வீட்டில் வாசிக்கிறவன் இன்னொருவன் இருந்தான். அவனுடைய தம்பி.

தம்பியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. கிட்டாரை முதலில் கையில் எடுத்தவன் அண்ணனான ரிப்பேர்காரன்தான். விரல் பிடித்துச் சொல்லிக்கொடுத்தவனும் அவனே. ஒரே வருஷத்தில் தம்பி அவனைத் தாண்டிப் போய்விட்டான், அதுவும் வியர்க்காமல். இருவரும் ஒரே குழுவில் வாசித்தார்கள். முன்னால் நின்று வாசிப்பவன் தம்பி. பக்கத்தில் நின்று தாளத்துக்குக் கம்பியைத் தட்டிக்கொண்டிருப்பவன் அண்ணன். கைதட்டல் தம்பிக்கு, கெட்டுப்போன ஆம்ப்ளிஃபயர் அண்ணனுக்கு. "உங்க தம்பி கையில என்னமோ இருக்குங்க," என்று யாராவது சொல்லும்போதெல்லாம் அண்ணன்காரன் சிரிப்பான். வயிறு எரியும். அந்தத் தம்பி கெட்டவனாக இருந்திருந்தாலாவது வெறுத்துத் தொலைத்திருக்கலாம். அவன் தங்கமான பையன். அதுதான் இன்னும் எரிந்தது.

கீழ்த்தளத்தில்தான் அவன் பட்டறை. மறுநாள் காலை பெடலைக் கவிழ்த்து, அடித்தகட்டின் திருகுகளைக் கழற்றினான். மாடியில் தம்பி வாசித்துப் பழகிக்கொண்டிருந்தான்.

உள்ளே எதுவும் தெரியவில்லை. கறுப்பு மட்டுமே.

அவன் எதிர்பார்த்ததுதான். தன் சர்க்யூட்டை வேறு எவனும் பார்த்துக் காப்பியடிக்கக் கூடாது என்று, சில தயாரிப்பாளர்கள் உள்ளே கறுப்புப் பிசினைக் கலந்து ஊற்றிவிடுவார்கள். இறுகினால் கல். ஆனால் இவ்வளவு தடிமனாக ஊற்றியவனை அவன் பார்த்ததில்லை. "சரியான பொறாமை பிடிச்ச ஆளு," என்று முணுமுணுத்தான். அப்படிச் சொல்ல அவனுக்குத் தகுதி இருந்தது.

கோளாறு சீக்கிரமே தென்பட்டது. மிதிக்கும் சுவிட்சிலிருந்து வந்த ஒயர் ஒன்று பிசினுக்குள் நுழையும் இடத்தில் நின்றுபோயிருந்தது. முனையைப் பார்த்தான். அறுந்த ஒயரென்றால் நுனி பிசிறடித்திருக்கும். இது நேராக, சுத்தமாக இருந்தது. கட்டர் வைத்து வெட்டியிருக்கிறார்கள்.

ஓட வேண்டாம்னுதான் இருக்கு.

அந்த அம்மாள் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆனால் வெட்டிய ஒயர் ஒன்று கண்முன்னே கிடக்கும்போது அதை ஒட்டாமல் மூடி வைக்க எந்த ரிப்பேர்காரனால் முடியும்? பிசினைச் சூடுகாற்றால் இளக்கி, கத்தி முனையால் மூலையைச் சுரண்ட ஆரம்பித்தான். புகை வந்தது. பிசின் கருகும் வாசனை அவனுக்குப் பழக்கம். இது வேறு. நகம் வெட்டி நெருப்பில் போட்டால் வருமே, அந்த வாசனை.

பெரிய சில்லு ஒன்று பெயர்ந்து வந்தது. அதன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தான். வரிசையாக நான்கு குழிகள். விரல் நுனிகள் பதிந்த தடம், ரேகை உட்பட.

ஊற்றியவர் ஈரம் காய்ந்ததா என்று தொட்டுப் பார்த்திருப்பார் என நினைத்துக்கொண்டான். அடிப்பக்கத்தில் எப்படித் தொட முடியும் என்று நினைக்கவில்லை.

ஒயரை ஒட்டினான். பேட்டரியைச் செருகினான். தன் கிட்டாரை மாட்டி, பெடலை மிதித்தான். சிவப்பு விளக்கு எரிந்தது.

அவன் வாசித்த முதல் சுரத்திலேயே அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. ஒலி தொண்டை கட்டி, தழுதழுத்து, அழுதுவிட்டுப் பேசுகிறவரின் குரல் போல வந்தது. அதைவிட ஆச்சரியம், கம்பியை அழுத்தி அவன் விரலை அசைத்தபோது வந்த அசைவு. இத்தனை வருஷம் முக்கி முனகியும் அவனுக்கு வராத அசைவு. கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான். அவனுக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்.

மாடியில் வாசிப்பு நின்றது. தம்பி படியிறங்கி வந்து வாசலில் நின்றான்.

"அண்ணா, நீயா வாசிச்ச?"

"ஏன், நான் வாசிக்கக் கூடாதா?"

"அதில்ல. நான் வாசிக்கிற மாதிரியே இருந்துச்சு." தம்பி சிரித்தபடி இடது கையை உதறினான். "எனக்கு என்னமோ விரல் மரத்துப் போச்சு. கொஞ்சம் அந்தப் பெட்டியைக் காட்டேன்."

"கையை எடு. இன்னும் வேலை முடியல."

அன்று சாயங்காலமே அவன் புதிதாகக் கறுப்புப் பிசின் கலந்தான். சுரண்டிய இடம் முழுக்க ஊற்றி, ஒயரை ஒட்டிய இடத்தையும் மூடினான். உள்ளே என்ன இருக்கிறது என்று தம்பி பார்த்துவிடக் கூடாது. ஊற்றும்போது தோளுக்குப் பின்னால் யாரோ குனிந்து பார்ப்பது போலிருந்தது. சூடான ஈயத்தின் வாசனை வந்தது. அவனுடைய சால்டரிங் இரும்பு எப்போதோ ஆறிப்போயிருந்தது.

கிட்டார் வாசிக்கிறவர்களின் இடது கை விரல் நுனிகள் காய்த்துப் போயிருக்கும். வருஷக்கணக்காகக் கம்பியை அழுத்தி அழுத்தி ஏறிய காய்ப்பு. அதுதான் அவர்களுடைய சொத்து. தம்பியின் விரல்களில் அது உதிரத் தொடங்கியது. முதலில் தோல் உரிந்தது. அப்புறம் நுனிகள் பிறந்த குழந்தையின் பாதம் போல மெத்தென்று ஆயின. கம்பியைத் தொட்டால் வெட்டியது. கிட்டார் கழுத்தில் ரத்தம். டாக்டர் களிம்பு கொடுத்தார், தூசி ஒவ்வாமை என்றார்.

"அண்ணா, கச்சேரி நெருங்குது," என்று தம்பி ஒருநாள் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "எனக்கு இதை விட்டா வேற ஒண்ணும் தெரியாதேண்ணா."

"சரியாயிடும்டா," என்றான். சொல்லும்போது மனதுக்குள் ஏதோ ஒன்று துள்ளிக் குதித்தது. அதை அவன் அடக்கவில்லை.

குழுவை நடத்திய ட்ரம்ஸ்காரர் முன்னால் நிற்கும் இடத்தை அவனுக்குக் கொடுத்தார்.

கச்சேரி நாளன்று மாலை, மேடைக்குப் பின்னாலிருந்த சின்ன அறையில், பேட்டரி மாற்றப் பெடலின் அடித்தகட்டைக் கழற்றினான். அவன் ஊற்றிய பிசின் கண்ணாடி போல வழவழப்பாக இறுகியிருக்க வேண்டும்.

அதில் நான்கு விரல் தடங்கள்.

விளக்கைக் கிட்டே கொண்டுபோனான். ஒவ்வொரு தடத்தின் குறுக்கேயும் கம்பி அழுத்திய கோடு இருந்தது. மூன்றாவது விரலில் சாய்வாக ஒரு தழும்பு. சைக்கிள் செயினில் மாட்டிக்கொண்ட தழும்பு அது. அன்றைக்குத் தம்பியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் அவன்தான்.

கட்டர் பையில் இருந்தது. எடுத்தான். ஒயரைத் தொட்டான்.

வெளியே கூட்டம் கைதட்டத் தொடங்கியிருந்தது.

இன்னிக்கு ஒரு நாள் மட்டும், என்று நினைத்தான். அடித்தகட்டை மூடித் திருகினான்.

அன்று அவன் வாசித்ததைக் கேட்டவர்கள் எழுந்து நின்றார்கள். வாழ்நாள் முழுக்க ஏங்கிய கைதட்டல். கூட்டத்தில் ஒரு ஓரமாகத் தம்பியும் நின்று, கட்டுப் போட்ட கையைத் தூக்கி ஆட்டினான். இறங்கி வந்தவனை ட்ரம்ஸ்காரர் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"பிரமாதம்யா. அச்சு அசலா உன் தம்பி வாசிச்ச மாதிரியே இருந்துச்சு."

அங்கேயே பெட்டியைத் திறந்தான். பிசினுக்குள் நுழையும் இடத்தில் கட்டரை வைத்து, ஒயரை வெட்டினான். தம்பிக்காக வெட்டவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காக வெட்டினான்.

வெட்டியபோது பெட்டிக்குள்ளிருந்து யாரோ மெதுவாக மூச்சு விட்டார்கள்.

மறுநாள் அந்த அம்மாளின் வீட்டுக் கதவைத் தட்டினான். அவன் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"யாரு? தம்பியா?"

தலையாட்டினான்.

"இல்லன்னு சொன்னீங்களே." கோபமில்லாமல் கேட்டாள். துவாலையை அவிழ்த்து இடது கையை நீட்டினாள். தோலெல்லாம் சுருங்கிய கிழக் கை. விரல் நுனிகள் மட்டும் பளபளவென்று, ஒரு ரேகைகூட இல்லாமல் இருந்தன. "நான் என் அண்ணனைவிட நல்லா வாசிச்சேன். அவ்வளவுதான் நான் பண்ண தப்பு. ஒயரை நான்தான் வெட்டுனேன், ரொம்ப லேட்டா."

"நானும் வெட்டிட்டேன். தம்பிக்குச் சரியாகுமா?"

"வயசு இருக்கு. மெல்லக் காய்ப்பு ஏறும்." பெட்டியை வாங்கிக்கொள்ள அவள் கை நீட்டவில்லை. "இங்க வாசிக்க யாருமில்ல. இதுக்கு இங்க வேலையில்ல. ஒண்ணு கேட்கறேன். உங்க தம்பி திரும்ப வாசிச்சா உங்களுக்குச் சந்தோஷமா இருக்குமா?"

"இருக்கும்."

"என் அண்ணனும் அப்படித்தான் சொன்னான்," என்று கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் வீட்டுக்குள் இப்போது ஈயத்தின் வாசனை இல்லை.

வழியில் ஆற்றுப் பாலம் வந்தது. பெட்டியைத் தூக்கி எறியக் கை ஓங்கினான். வேறு எவன் கையிலாவது கிடைத்து, அவனுக்கு அந்த ஒலி வந்துவிட்டால்? கை தானாக இறங்கியது. வீட்டுக்குக் கொண்டுவந்து பேட்டரியைப் பிடுங்கினான். அப்போதும் மனம் ஆறவில்லை. சிவப்பு விளக்கையே கழற்றி, மேஜை மேல் திருகாணிகள் கிடக்கும் தட்டில் போட்டான். பெட்டியைப் பழைய பிஸ்கட் டின்னில் அடைத்துப் பரணில் வைத்தான்.

மாதங்கள் ஓடின. தம்பியின் விரல்களில் காய்ப்பு ஏறியது. முதலில் ஒன்றிரண்டு சுரங்கள், பிறகு பாதிப் பாட்டு. அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்து தட்டிக்கொடுத்தான். மனதாரத்தான் செய்தான். முன்னால் நிற்கும் இடம் இன்னும் அவனிடம் இருந்தது.

ஒரு சாயங்காலம் அவன் பட்டறையில் வேலையாக இருந்தபோது மாடியில் தம்பி வாசிக்கத் தொடங்கினான். பெடல் இல்லை, ஆம்ப்ளிஃபயர்கூட இல்லை. வெறும் கம்பியும் விரலும். முன்னைவிட நன்றாக இருந்தது. வலி பட்டுத் திரும்பிய கை. ஒவ்வொரு சுரத்தையும் வலிக்க வலிக்கத் தொட்டது. தெருவில் போன யாரோ நின்று கேட்பது ஜன்னல் வழியே தெரிந்தது.

நல்லா வாசிக்கிறான், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சந்தோஷமா இருக்கு.

இருமுறை சொல்லிப் பார்த்தான்.

அடிவயிற்றில் அந்தப் பழைய எரிச்சல், கொஞ்சமும் குறையாமல், எழுந்து உட்கார்ந்தது.

சூடான ஈயத்தின் வாசனை வந்தது.

மேஜையைப் பார்த்தான். தட்டில், திருகாணிகளுக்கு நடுவே, எதனோடும் சேராமல் தனியாகக் கிடந்த அந்தச் சின்ன விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

மாடியில் வாசிப்பு பாதியில் நின்றது.

"அண்ணா," என்று தம்பி மெதுவாகக் கூப்பிட்டான். "என் கையைக் கொஞ்சம் வந்து பாரேன்."