அறுபத்திரண்டு லிட்டர் குறைவு

அந்தப் படகில் நான் முதன்முதலாகக் கால் வைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. சுள்ளென்று வெயில். பேய் பிசாசுகளுக்கெல்லாம் வார விடுமுறை என்று தைரியமாகச் சொல்லக்கூடிய நேரம்.

என் தங்கையும் அவள் கணவரும் பின்னால் வந்தார்கள். இருபது வருடம் இரண்டு பேரும் வேலை பார்த்து, கடைசியில் வீட்டையும் விற்று, இரண்டு வருடம் கடலிலேயே சுற்றுவது என்று முடிவு செய்திருந்தார்கள். படகுச் சாமான் கடை வைத்திருப்பவன் நான். படகைப் பார்த்து, விலை பேசி, தூரப் பயணத்துக்குத் தயார் செய்து கொடுக்க வேண்டியது என் பொறுப்பு. எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. எனக்கு அவள், அவளுக்கு நான்.

எங்கள் வீட்டுப் பிள்ளைகள் முதலில் பேசும் வார்த்தையே 'குறைச்சுக்கோங்க' என்பதுதான் என்று ஊரில் கேலி செய்வார்கள். அதனால் படகைப் பார்க்கும்போது அதன் அழகை நான் பார்ப்பதில்லை. ஓட்டை எங்கே என்றுதான் தேடுவேன்.

ஓட்டையே இல்லை. இரண்டு டீசல் எஞ்சின்களும் கைக்குழந்தை மாதிரி வைக்கப்பட்டிருந்தன. ஜெனரேட்டர் ஒரே தட்டில் கிளம்பியது. முன்பக்கத்து அறையில் இருவர் படுக்கும் கட்டில். அதற்கு அடியில், மெத்தையைத் தூக்கினால், எவர்சில்வர் குடிநீர்த் தொட்டி. எண்ணூறு லிட்டர் என்று அதன் நெற்றியிலேயே பொறித்திருந்தது.

பொறித்திருப்பதை நம்புகிறவன் கடை நடத்த முடியாது. ஹோஸில் மாட்டுகிற மீட்டர் ஒன்று எப்போதும் என் பையில் இருக்கும். தொட்டியைக் காலி செய்து, வாய் வழிய நிரப்பினேன். எழுநூற்று முப்பத்தெட்டு.

மறுபடியும் காலி செய்து நிரப்பினேன். எழுநூற்று முப்பத்தெட்டு.

"காத்து அடைச்சிருக்கும்ணே," என்றான் என் மெக்கானிக். ஸ்பேனர் என்றால்தான் படகுத்துறையில் அவனைத் தெரியும். சொந்தப் பெயரை அவன் மனைவியே மறந்துவிட்டதாகக் கேள்வி. காற்றுக்குழாயைப் புதிதாக மாற்றினான். எழுநூற்று முப்பத்தெட்டு.

தொட்டியின் மேல்மூடியைக் கழற்றி டார்ச் அடித்தேன். தண்ணீர் அலம்பாமல் இருக்க வைத்த இரண்டு தடுப்புத் தகடுகள். வேறொன்றும் இல்லை. துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி சுத்தம். ஆனால் ஒரு வாடை வந்தது. கெட்ட வாடை இல்லை. ஒருவர் நெடுநேரம் தூங்கி எழுந்துபோன அறையின் வாடை.

மூடியைத் திறந்தே வைத்து நிரப்பினோம். சரியாக எண்ணூறு பிடித்தது.

மூடியைப் போட்டு இறுக்கி நிரப்பினோம். எழுநூற்று முப்பத்தெட்டு.

ஸ்பேனர் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை. எனக்குள் இருந்த வியாபாரி சந்தோஷத்தில் கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பேரத்துக்குப் பிடி கிடைத்துவிட்டது.

படகின் சொந்தக்காரர் கரையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். படகைக் காட்டும்போதுகூட அவர் ஏறவில்லை. 'வீட்டம்மா போனதுக்கப்புறம் எனக்கெதுக்குக் கடல்' என்று மட்டும் சொல்லியிருந்தார்.

"எண்ணூறுன்னு எழுதியிருக்கீங்க. அளவு குறையுது சார்," என்றேன், குரலில் போதிய வருத்தத்தை ஏற்றி.

"எவ்வளவு?"

"அறுபத்திரண்டு லிட்டர்."

அவர் கண்ணை மூடித் திறந்தார். "இன்னும் அறுபத்திரண்டுதானே? நல்லாப் பாத்தீங்களா?"

"நாலு தடவை பாத்தாச்சு."

நான் வாய்க்கு வந்த ஒரு விலையைச் சொன்னேன். அவர் திட்டுவார், நான் ஏறுவேன், நடுவில் எங்காவது சந்திப்போம் என்பது கணக்கு. அவர் எழுந்து கையை நீட்டினார். அவ்வளவுதான், பேரம் முடிந்தது. முதல் விலைக்கே தலையாட்டுகிறவனைக் கண்டால் ஓடிவிட வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். அன்றைக்கு ஓடவில்லை. அன்று மாலை முழுக்க என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு திரிந்தேன்.

தயார் செய்ய இரண்டு மாதம் ஆனது. கூடுதல் டீசல் டாங்க், இரட்டை ஃபில்டர், புது நங்கூரச் சங்கிலி, சாட்டிலைட் போன், ஆபத்துக்குப் பிரித்தால் ஊதிக்கொண்டு மிதக்கும் லைஃப் ராஃப்ட். உதிரிபாகங்களை டப்பாக்களில் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் தங்கை தன் கையெழுத்தில் சீட்டு ஒட்டினாள். லைஃப் ஜாக்கெட்டை ஆளின் எடைக்குத் தகுந்த மாதிரி வாங்க வேண்டும். சங்கிலி நிறுக்கிற பெரிய எடைமேடை என் கடையில் உண்டு. அதில் ஏறச் சொன்னேன்.

தங்கை ஐம்பத்து நான்கு. அவள் கணவர் எண்பத்தொன்று.

"மாப்பிள்ளை, நங்கூரத்தை இடுப்புல கட்டிட்டு ஏறிட்டீங்களா?" என்றேன்.

"உங்க தராசு மச்சான். உங்களை மாதிரிதான இருக்கும்."

தராசின் மானத்தைக் காப்பாற்ற நானும் ஏறிக் காட்டினேன். எழுபத்து மூன்று. ஸ்பேனர் மட்டும், "எனக்கு வேணாம்ணே," என்று நழுவிவிட்டான்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் அவர்கள் படகிலேயே படுக்க ஆரம்பித்தார்கள். ஒரு காலை காப்பி குடிக்கும்போது தங்கை சொன்னாள், "அண்ணா, அந்தக் கட்டில் எவ்வளவு இதமா இருக்கு தெரியுமா? கீழ ஹீட்டர் வெச்ச மாதிரி."

"கீழ பச்சத்தண்ணி டாங்க்குதான் இருக்கு."

"அப்ப எனக்குத்தான் காய்ச்சலா?" என்று சிரித்தாள். பிறகு, "சில சமயம் கீழ யாரோ புரண்டு படுக்கிற மாதிரி சத்தம் வருது. தண்ணி அலம்புது போல," என்றாள்.

வாய் வரை நிரம்பிய தொட்டியில் தண்ணீர் அலம்பாது. அது எனக்குத் தெரியும். ஆனால் என்ன சொல்வது? படகை வாங்கிக் கொடுத்ததே நான்.

போகும்போது என் மீட்டரை அவள் கையில் கொடுத்தேன். "எந்தத் துறையிலயும் அவங்க மீட்டரை நம்பாத. நம்ம மீட்டரைப் பார்த்து எழுதி வை."

பழக்கதோஷம். வேறெதுவும் மனதில் இல்லை.

பதினாறாம் நாள் மதியம் போன் வந்தது. நான் கடையில் கயிறு அளந்துகொண்டிருந்தேன்.

"அண்ணா, உன் மீட்டர் படுத்துடுச்சு," என்றாள். குரலில் காற்றும் வெயிலும் இருந்தன. "ஒரு தீவுல சுத்தமா காலி பண்ணிட்டு நிரப்பினோம். அறுநூத்து மூணுலயே வழிஞ்சிடுச்சு. துறைக்காரர் மீட்டரும் அதையேதான் காட்டுது."

என் பேரக்காரப் புத்திக்குக் கணக்குப் போட யாருடைய அனுமதியும் தேவையில்லை. அது தானாகப் போட்டது. எழுநூற்று முப்பத்தெட்டில் அறுநூற்று மூன்று போனால் நூற்று முப்பத்தைந்து.

எண்பத்தொன்றும் ஐம்பத்து நான்கும்.

கையிலிருந்த கயிறு தரையில் விழுந்தது.

"படகை விட்டு இறங்கு," என்றேன். "ரெண்டு பேரும் இறங்கிடுங்க. இப்பவே."

"எங்க இறங்கறது? தீவை விட்டுக் கிளம்பி எட்டு மணி நேரம் ஆச்சு. சுத்தித் தண்ணிதான் இருக்கு."

"திரும்புங்க."

அவள் கணவர் போனை வாங்கினார். "என்ன மச்சான், என்ன ஆச்சு?"

என்ன ஆச்சு என்று சொல்வது? தொட்டி உங்கள் எடையை எடுத்துக்கொண்டது என்றா? படித்த மனிதர், எஞ்சினியர். "டாங்க்ல ஏதோ கோளாறு. கட்டில்ல படுக்காதீங்க. மேல் தளத்துல படுங்க. இருட்டுல கரை பிடிக்க முடியாது, காலையில முதல் வேலையா தீவுக்குத் திரும்புங்க," என்றேன்.

"சரி மச்சான், உங்க திருப்திக்கு," என்றார்.

மறுநாள் காலை அவள்தான் பேசினாள். குரல் தாழ்ந்திருந்தது.

"அண்ணா, மேலதான் படுத்தோம். ஜமுக்காளம் விரிச்சு, ரெண்டு பேரும்."

"அப்புறம்?"

"முழிச்சப்ப கீழ கட்டில்ல இருந்தோம். யாரு முதல்ல இறங்கினதுன்னு ரெண்டு பேருக்கும் ஞாபகம் இல்ல."

"திரும்பிட்டீங்களா?" என்றேன்.

"படகைத் திருப்பியாச்சு. சாயங்காலத்துக்குள்ள போயிடலாம்னு அவர் சொல்றார்." பிறகு சொன்னாள், "அண்ணா, கட்டில் இன்னிக்கு ரொம்ப சூடா இருக்கு."

அதற்குப் பிறகு போன் வரவில்லை.

கடலோரக் காவலுக்குச் சொன்னேன். தேடினார்கள். அவர்கள் தேடிய பன்னிரண்டு நாளும் நான் கடையைத் திறந்து, உட்கார்ந்து, மூடினேன். வேறு என்ன செய்ய? அங்கே நீந்திப் போகவா முடியும்?

டீசல் தீர்ந்து மிதந்துகொண்டிருந்த படகைப் பதின்மூன்றாம் நாள் கண்டுபிடித்தார்கள். லைஃப் ராஃப்ட் பிரிக்கப்படவில்லை. கரைக்குப் போகிற சின்னப் படகு கொக்கியிலேயே தொங்கியது. இரண்டு லைஃப் ஜாக்கெட்டும் ஆணியில் இருந்தன. கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை என்று அதிகாரி எழுதியிருந்தார். தொட்டியையும் திறந்து பார்த்திருந்தார்கள். தண்ணீர் மட்டுமே இருந்தது.

படகு என் பெயருக்கு வந்தது. ஸ்பேனரைக் கூட்டிக்கொண்டு போய் நிரப்பச் சொன்னேன். நான் ஏறவில்லை. கரையில் ஒரு நாற்காலி கிடந்தது. அதில் உட்கார்ந்தேன்.

"அறுநூத்து மூணுண்ணே," என்றான். மூடியைத் திறந்து வைத்தால் எண்ணூறு.

பழைய சொந்தக்காரருக்குப் போன் போட்டேன். என் குரலைக் கேட்டதும் அவர் விசாரித்தது ஒன்றே ஒன்றுதான்.

"இப்ப எவ்வளவு பிடிக்குது?"

"அறுநூத்து மூணு."

மறுமுனையில் அவர் கணக்குப் போடுவது எனக்குக் கேட்டது. உதடு அசைகிற ஓசை. தன் எடையைச் சேர்த்துப் பார்க்கிறார். பிறகு நீளமாக ஒரு மூச்சு.

"நல்லவேளை," என்றார். போனை வைத்துவிட்டார்.

அந்த மனிதர் முதல் விலைக்கே ஏன் கை நீட்டினார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நானும் விற்றுத் தொலைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். மறைக்க என்ன இருக்கிறது, நினைத்தேன். போன மாதம் ஒருவர் பார்க்க வந்தார், கெட்டிக்காரர், கையில் சொந்த மீட்டர். இரண்டு மணி நேரம் படகைக் குடைந்துவிட்டு இறங்கி வந்தார். முகத்தில் போதிய வருத்தம் ஏற்றியிருந்தார். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

"தண்ணி டாங்க் அளவு குறையுதே சார்."

"தெரியும். அறுநூத்து மூணு."

"எங்க அறுநூறு? ஐந்நூத்து முப்பதுதான் பிடிக்குது."

அவர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டே போனார். விலை சொன்னார் போலிருக்கிறது. நான் பதில் சொல்லவில்லை என்றதும் தானாகவே ஏற்றினார். நான் எழுந்து நடந்தேன். விற்றாலும் விற்காவிட்டாலும் என் பங்கு உள்ளே போய்விட்டது. இனி இன்னொரு குடும்பத்தை எதற்கு அனுப்புவது?

அறுநூற்று மூன்றில் ஐந்நூற்று முப்பது போனால் எழுபத்து மூன்று.

ஆனாலும் பிறவிக் குணம் போகுமா? பேரம் பேசிப் பார்த்தேன். சாப்பாட்டைப் பாதியாக்கினேன். ராத்திரிக்கு ஒரு வாழைப்பழம். மூன்று வாரத்தில் எடைமேடை அறுபத்தொன்பது காட்டியது. இடுப்பில் வேட்டி நிற்கவில்லை, மனதில் ஒரு சின்ன வெற்றி. எழுபத்து மூன்று கிலோவுக்குத் தைத்த சட்டை அறுபத்தொன்பதுக்குப் பொருந்தாது அல்லவா?

இன்று மதியம் ஸ்பேனரை அனுப்பி மறுபடி நிரப்பச் சொன்னேன். போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு கடையில் நின்றேன். தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது. பிறகு நின்றது.

"எவ்வளவுடா?"

"ஐந்நூத்து முப்பத்து நாலுண்ணே."

நாலு லிட்டரைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. பரம்பரையாகக் கடை வைத்திருக்கிறோம்; இவ்வளவு நேர்மையான அளவை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை.

"அண்ணே," என்றான் ஸ்பேனர். குரலை மிகவும் தாழ்த்தினான். "நீங்க கடையிலதான இருக்கீங்க?"

"ஆமா. ஏன்?"

"இல்ல, கட்டில் விரிப்பு கலைஞ்சிருக்கு. தொட்டுப் பாத்தேன். இப்பத்தான் ஒருத்தர் எந்திரிச்சுப் போன மாதிரி சூடா இருக்கு." அவன் பின்னால் நகரும் சத்தம் கேட்டது. "ஒரு ஓரமா மட்டும் யாரும் படுக்காம விட்டிருக்குண்ணே. ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு."